திருவொற்றியூர் லாட்ஜுக்கு ஜியோதெர்மல் ஹீட் பம்ப்: ஏசி, சுடுதண்ணி, கரண்ட் பில்லு எல்லாம் சேர்த்து ஒரு ரிவ்யூ

ஜியோதெர்மல் ஹீட் பம்ப்னு, அதாவது மண்ணுக்குள்ள பைப்பு விட்டு ஏசி, ஹீட்டர் ஓட்டுற மெஷின்னு, நெட்ல தேடினா வர்ற ரிவ்யூ எல்லாமே பனி கொட்டுற ஊருக்காரங்க எழுதினது, ஸ்வீடன், கனடா, அமெரிக்கான்னு, அவங்க எல்லாருக்கும் ஒரே கவலை ஜனவரில வீடு சூடா இருக்கணும், நமக்கு ஜனவரிலயும் ஃபேன் ஓடும், அதனால அந்த ரிவ்யூவை படிச்சு நம்ம ஊருக்கு எந்த முடிவும் எடுக்க முடியாது. திருவொற்றியூர்ல எங்க லாட்ஜுல இது ஓடிட்டு இருக்கு, ஒரு கோடை, ஒரு மழைக்காலம் ரெண்டையும் பார்த்தாச்சு, அதனால எழுதுறேன். போட்டது கோயம்புத்தூர் பக்கம் ஒரு சின்ன கம்பெனி, பேரு போடல, திட்டுறதும் இருக்கு பாராட்டுறதும் இருக்கு.

லாட்ஜ் மாமாவோடது, பார்த்துக்கிறது நான். தியாகராஜர் கோயிலுக்கு நடந்தே போயிடலாம், பத்து ஏசி ரூம், பின்னாடி ஒரு கார் பார்க்கிங், கடல் ரொம்ப கிட்ட. அந்த கடல்தான் எங்களுக்கு பிரச்சனையே. முன்னாடி ரூமுக்கு ஒரு ஸ்ப்ளிட் ஏசி, அவுட்டோர் யூனிட் பத்தும் பின்பக்க சந்துல சுவத்துல மாட்டியிருந்துச்சு. உப்புக்காத்து பட்டு அந்த அலுமினிய ஃபின்னு எல்லாம் வெள்ளையா பூத்துடும், விரல் வெச்சா பொடிப்பொடியா உதிரும், அப்புறம் காயில்ல ஓட்டை, கேஸ் லீக், மெக்கானிக் வந்து கேஸ் ஏத்திட்டு போவாரு, ரெண்டு மாசத்துல மறுபடி அதே கதை. காசிமேடு, ராயபுரம், எண்ணூர் பக்கம் இருக்கிறவங்களுக்கு இதை நான் விளக்கவே வேணாம், அண்ணா நகர்ல பத்து வருஷம் ஓடுற ஏசி நம்ம பக்கம் நாலு வருஷம் தாண்டினா பெரிய விஷயம்.

மாமா புது ஏசி வாங்கலாம்னு இருந்தப்போதான் இந்த கம்பெனி இன்ஜினியர் தம்பி வந்து பூமிக்கடியில பைப்பு விட்டு ஏசி ஓட்டலாம்னு சொன்னான். மாமா அவனை மேலயும் கீழயும் பார்த்துட்டு "ஏம்பா, பூமிக்கடியில போனா சூடுதானே இருக்கும், எரிமலை எல்லாம் அங்கருந்துதானே வருது"ன்னு கேட்டாரு. நியாயமான கேள்வி. இதுல நெறைய பேரு குழம்புறாங்க. லடாக்ல புகா பள்ளத்தாக்குல நிலத்துக்கடியில இருந்து சூடு எடுத்து கரண்ட் தயாரிக்கலாம்னு முயற்சி பண்றாங்களே, அது வேற ஜியோதெர்மல். இது அந்தளவுக்கு ஆழமெல்லாம் போறதில்ல. சில பத்து அடி ஆழத்துக்கு கீழ போயிட்டா மண்ணோட சூடு வருஷம் முழுக்க பெருசா மாறாது, அந்த ஊரோட வருஷ சராசரி டெம்பரேச்சர் எவ்வளவோ கிட்டத்தட்ட அதுலயே நிக்கும். சென்னைக்கு அது 28, 29 டிகிரி. வெளிய மே மாசம் 40 அடிக்கும், 2003 மே 31ல 45 டிகிரியே தொட்டுச்சு, அப்பவும் கீழ அந்த மண்ணு அதே 29லதான் இருந்திருக்கும்.

வேலை செய்யுற விதம் பெரிய ரகசியம் இல்ல, சாதா ஏசிதான். ரூம்ல இருக்கிற சூட்டை உருவி வெளிய தள்ளுறதுதான் ஏசி, கம்ப்ரஸர், கேஸ் எல்லாம் அதேதான், ஆனா சாதா ஏசி அந்த சூட்டை அவுட்டோர் யூனிட் வழியா காத்துல தள்ளுது, இது தண்ணில தள்ளி அந்த தண்ணியை பைப்பு வழியா மண்ணுக்குள்ள சுத்த விட்டு ஆற வெச்சு திரும்ப எடுக்குது. குளிர் ஊர்ல இதையே திருப்பிப் போட்டு, மண்ணுல இருந்து சூட்டை எடுத்து வீட்டுக்குள்ள விடுறாங்க. ஐடியா பழசு, சுவிட்சர்லாந்துல ஹைன்ரிச் சோலின்னு ஒருத்தரு 1912லயே இதுக்கு பேட்டன்ட் வாங்கியிருக்காரு. அமெரிக்காவுல இண்டியானா பக்கம் பால் ஸ்டேட் யுனிவர்சிட்டின்னு ஒண்ணு, மொத்த கேம்பஸுக்கும் நிலக்கரி பாய்லரை தூக்கிட்டு 3,600 போர் போட்டு இதுலதான் ஓட்டுறாங்க. நம்ம நாட்டுலயும் டெல்லி பக்கம் குருகிராம்ல டெரிங்கிற (TERI) எனர்ஜி ஆராய்ச்சி நிறுவனத்தோட பயிற்சி மையத்துல நாலு மீட்டர் ஆழத்துல குழாய் பதிச்சு காத்தையே மண்ணுக்குள்ள ஓட்டி ரூமுக்கு விடுறாங்க, அதுல கம்ப்ரஸர் இல்ல, வேற டைப்பு, ஆனா மண்ணை நம்புறது ஒண்ணுதான்.

சரி, எங்களுக்கு என்ன போட்டாங்க. பார்க்கிங்ல ரெண்டு வரிசை, வரிசைக்கு நாலு போர், ஒவ்வொண்ணும் 250 அடி. அதுக்குள்ள கருப்பு ஹெச்டிபிஇ பிளாஸ்டிக் பைப்பு, அடியில யூ மாதிரி வளைச்சு திரும்ப மேல வரும், சுத்தி பென்டோனைட்ங்கிற களிமண் கலவை ஊத்தி அடைச்சுட்டாங்க. போர்னு சொன்னாலும் நிலத்தடி தண்ணியை ஒரு சொட்டு எடுக்கிறதில்ல, உள்ள சுத்துறது நாம ஊத்தின தண்ணியேதான். போர் தண்ணியை நேரா எடுத்து மெஷின்ல ஓட்டி திரும்ப விடுற ஓப்பன் லூப்னு ஒண்ணு இருக்கு, செலவு கம்மி, ஆனா நம்ம பக்கம் அதை நெனைச்சே பார்க்காதீங்க. மீஞ்சூர் பெல்ட்ல கடல் தண்ணி நிலத்துக்குள்ள ஏறுறது 1969லயே கண்டுபிடிச்ச விஷயம், எங்க தெருவுல போர் தண்ணியில பல்லு கூட விளக்க முடியாது, அதை மெஷின்குள்ள விட்டா என்ன ஆகும்னு யோசிச்சுக்கோங்க.

போர் போடுற வேலை ஈஸியாவும் இருந்துச்சு பேஜாராவும் இருந்துச்சு. கிண்டி, பரங்கிமலை பக்கம் பாறை, நம்ம வடசென்னை வண்டலும் களிமண்ணும் மணலும்தான், ரோட்டரி ரிக்கு சர்ருனு இறங்கிடும். ஆனா மணல் சரியும், அதனால சேறு மாதிரி ஒரு கலவையை உள்ள ஓட்டிகிட்டே தோண்டணும், அந்த சேறு பார்க்கிங் ரொம்பி தெருவுக்கு வந்து பக்கத்து வீட்டு அக்கா போட்ட கோலம் வரைக்கும் போயிடுச்சு. "இன்னாப்பா, எண்ணெய் கிணறு தோண்டுறீங்களா"ன்னு அவங்க கேட்டது இப்பவும் தெருவுல ஓடுது. சேறு அள்ள லாரி, தெரு கழுவ ஆளு எல்லாம் எங்க தலையில, இது கொட்டேஷன்ல ஒரு வரி கூட கிடையாது. மண்ணு ஈரமா இருக்கிறது ஒரு வகையில நல்லதுன்னு தம்பி சொன்னான், காய்ஞ்ச மண்ணை விட ஈர மணல் சூட்டை நல்லா கடத்தும்.

இப்ப முக்கியமான மேட்டருக்கு வர்றேன், இதைத்தான் எந்த சேல்ஸ்மேனும் சொல்ல மாட்டான். வெளிய 40 டிகிரி, மண்ணு 29 டிகிரி, பாருங்க 11 டிகிரி லாபம்னு பேப்பர்ல படம் போட்டு காட்டுவாங்க. பார்க்க ஜோரா இருக்கும். ஆனா லாட்ஜ்ல ஏசி எப்ப ஓடும்? பகல்ல ஜனங்க கோயிலு, கடலு, சொந்தக்காரங்க வீடுன்னு சுத்தப் போயிடுவாங்க, ராத்திரி ஒன்பதுக்கு மேலதான் பத்து ரூமும் ஒண்ணா ஓடும், அந்த நேரம் வெளிய காத்தே 30, 31க்கு வந்துடும். அதோட மண்ணு 29ன்னாலும் நாம சூட்டை கொட்டக் கொட்ட லூப்ல, அதாவது அந்த மண்ணுக்குள்ள சுத்துற பைப்புல, திரும்பி வர்ற தண்ணி 29ல இருக்காது, எங்க பேனல்ல மே மாசம் 34, 35 காட்டுச்சு, ஜனவரில 31 கிட்ட. அப்போ ராத்திரி நேரத்துல டிகிரி கணக்குல பார்த்தா மண்ணுக்கும் காத்துக்கும் பெரிய வித்தியாசம் இல்ல. பகல் பூரா ஓடுற ஆஸ்பத்திரி, ஆபீஸ், ஜவுளிக்கடைன்னா அந்த 40 டிகிரி கணக்கு சரி, எங்களுக்கு அது பாதிதான் பலிக்கும்.

இன்னொண்ணு, குளிர் ஊர்ல கோடைல மண்ணுக்குள்ள தள்ளின சூட்டை குளிர்காலத்துல திரும்ப எடுத்துக்குவாங்க, பேலன்ஸ் ஆயிடும். நாம வருஷம் பூரா தள்ளிக்கிட்டேதான் இருப்போம், எடுக்கிறது கிடையாது, அதனால மண்ணு வருஷத்துக்கு வருஷம் கொஞ்சம் கொஞ்சமா சூடேறிட்டே போக வாய்ப்பு இருக்கு. போர் எண்ணிக்கையை கம்மி பண்ணி மலிவா முடிச்சு தர்றேன்னு சொல்றவன்கிட்ட உஷாரா இருக்கணும், முதல் வருஷம் செமயா ஓடும், போகப் போக இழுக்கும்.

அப்போ எதுக்குய்யா போட்டீங்கன்னு கேப்பீங்க. சுடுதண்ணிக்குத்தான்.

கோயில் லாட்ஜுல காலைல நாலு மணிக்கு பத்து பாத்ரூம்லயும் ஒரே நேரத்துல சுடுதண்ணி திறப்பாங்க. முன்னாடி ரூமுக்கு ஒரு கீசர், 2 கிலோவாட். இதுல ஒரு சின்ன கணக்கு இருக்கு: 100 லிட்டர் தண்ணியை 28ல இருந்து 55 டிகிரிக்கு ஏத்த 3 யூனிட்டுக்கு கொஞ்சம் மேல கரண்ட் வேணும், கீசர் எந்த கம்பெனியா இருந்தாலும், அஞ்சு ஸ்டாரா இருந்தாலும், தண்ணியை சூடாக்க அதுக்கு கீழ போக முடியாது, அது இயற்கை. ஹீட் பம்ப் சூட்டை தயாரிக்கிறது இல்ல, வேற எங்கயோ இருக்கிற சூட்டை தூக்கிட்டு வந்து தண்ணில போடுது, அதனால ஒரு யூனிட் கரண்ட்ல மூணு நாலு யூனிட் சூடு நகரும், அதே 100 லிட்டருக்கு ஒரு யூனிட் பக்கம்தான் ஆகும். எங்க சிஸ்டத்துல அந்த சூடு எங்கருந்து வருதுன்னா, ராத்திரி பூரா பத்து ரூம்ல இருந்து உருவின சூடு. அது மண்ணுக்கு போறதுக்கு முன்னாடி முதல்ல மாடில இருக்கிற ஆயிரம் லிட்டர் டேங்குக்கு போகுது, டேங்க் 55ஐ தொட்டப்புறம் மிச்சம்தான் மண்ணுக்கு. ஜனங்க ஏசி போட்டு தூங்கத் தூங்க அவங்க காலைல குளிக்கிற தண்ணி தானா சூடாகிட்டு இருக்கு. மண்ணுக்கு போற சூடும் குறையுது, அதனால நான் மேல சொன்ன மண்ணு சூடேறுற பிரச்சனைக்கும் இதுதான் கொஞ்சம் மருந்து. நம்ம ஊர்ல இந்த சிஸ்டத்தை ஏசியா மட்டும் போட்டா பாதி காசு வேஸ்ட்னு நான் அடிச்சு சொல்வேன், சுடுதண்ணி தேவை இருக்கிற எடத்துலதான் இது அர்த்தமாகுது.

கீசர் பத்தையும் கழட்டிட்டோம். கழட்டினப்போ ஒரு கீசரோட காயிலை வெட்டிப் பார்த்தா விரல் தடிமனுக்கு உப்பு, கல்லு கணக்கா. புது டேங்குலயும் உப்பு படியும், அதனால மெட்ரோ வாட்டர் மட்டும்தான் விடுறோம், சூடு மாத்துற பிளேட்டை வருஷத்துக்கு ஒரு தடவை ஆசிட் ஓட்டி கழுவணும். இன்னொரு விஷயம், டேங்குல சுடுதண்ணியை 50 டிகிரிக்கு கீழ ரொம்ப நாள் வெச்சிருந்தா லீஜியோனெல்லான்னு ஒரு கிருமி வளரும், நிமோனியா வரைக்கும் கொண்டு போகும், அதனால வாரம் ஒரு தடவை பேக்கப் ஹீட்டரை போட்டு 60க்கு மேல ஏத்தி விடுறோம். சோலார் டேங்க் வெச்சிருக்கிறவங்களும் இதை கவனிச்சுக்கோங்க.

கரண்ட் பில்லு கேப்பீங்க. கோடைல முன்ன வந்த பில்லோட பார்த்தா மூணுல ஒரு பங்கு கொறஞ்சிருக்கு. அதுல சுடுதண்ணி பங்குதான் பெருசு. நேர்மையா சொல்லணும்னா பழைய ஏசி எல்லாம் ஓஞ்சு போனது, அதை எடுத்துட்டு நல்ல இன்வெர்ட்டர் ஸ்ப்ளிட் போட்டிருந்தாலே கொஞ்சம் கொறஞ்சிருக்கும், அந்த பேரையும் சேர்த்து ஹீட் பம்ப்புக்கே குடுக்க முடியாது. கமர்ஷியல் கரண்ட் ரேட்டுல எங்களுக்கு இது பெரிய காசு. அத்திப்பட்டு அனல்மின் நிலையத்து புகை தெரியுற தூரத்துல இருந்துகிட்டு யூனிட்டு மிச்சம் பண்ணா சாம்பலும் கொஞ்சம் மிச்சம்தானே, மாமாவுக்கு அதெல்லாம் கணக்குல வராது, எனக்கு வரும்.

போட்ட செலவு, பத்து ரூமுக்கும் புது இன்வெர்ட்டர் ஏசியும் கீசரும் வாங்கியிருந்தா ஆகுறதை விட ரெண்டரை மடங்கு. அதுல பெரிய துண்டு போர் போட்டதுதான். ஆனா போருக்குள்ள போன பைப்பு 50 வருஷத்துக்கு மேல வரும், உள்ள இருக்கிற மெஷின் 24 வருஷம் வரும்னு அமெரிக்க எனர்ஜி டிபார்ட்மென்ட் சொல்லுது. 24 வருஷம்ங்கிறது நம்ம ஊர் வோல்டேஜையும் உப்பையும் பார்க்காதவங்க போட்ட கணக்குன்னு எனக்கு ஒரு டவுட்டு இருக்கு, ஆனா மெஷின் ரூமுக்குள்ள இருக்கு, கடல் காத்து மேல படுறதில்ல, நாலு வருஷத்துக்கு ஒருக்க ஏசி மாத்துற செலவு போச்சு, அதுவே எங்களுக்கு போதும். சந்துல அவுட்டோர் யூனிட்டே இல்லாததால பின்வீட்டுக்காரங்க ராத்திரி ஜன்னல் திறந்து வெச்சு தூங்குறாங்க, முன்னாடி பத்து யூனிட்டும் அந்த ஆறடி சந்துல அனலை கக்கும், ஒண்ணு விடுற சூட்டை இன்னொண்ணு இழுக்கும், அவங்களோட தினமும் சண்டை. ரூம்லயும் சத்தம் கம்மி, சுவத்துல ஃபேன் காயில் மட்டும்தான், குளிர் தண்ணி ஓடுற காயில் மேல ஃபேன் காத்தை ஊதுற பெட்டி.

இப்போ திட்டு. எல்லா முட்டையும் ஒரே மெஷின்ல. முன்னாடி ஒரு ஏசி ரிப்பேர்னா ஒரு ரூம் போச்சு, இப்ப மெஷின் நின்னா பத்து ரூமும் போச்சு, சுடுதண்ணியும் போச்சு. வெள்ளிக்கிழமை பௌர்ணமி அன்னிக்கு மேலூர், திருவொற்றியூர், திருமுல்லைவாயல் மூணு அம்மனையும் ஒரே நாள்ல பார்க்க கூட்டம் வரும் இல்ல, அப்படி ஒரு நாள், லாட்ஜ் ஃபுல்லு, ராத்திரி பதினொண்ணுக்கு லூப் பம்ப் நின்னுடுச்சு. மெஷின் சேஃப்டில ட்ரிப்பாகி மொத்தமா ஆஃப். ஏரியா ஏசி மெக்கானிக் அண்ணன் தூக்கத்துல இருந்து எழுந்து வந்தாரு, பேனலை திறந்து பார்த்துட்டு "தம்பி, இதுல நான் கைய வெச்சு இன்னாவாவது ஆச்சுன்னா நீ என்னை விட மாட்ட"ன்னு கும்பிட்டுட்டு போயிட்டாரு. கோயம்புத்தூர் நம்பருக்கு போன் மேல போன், அவங்க வீடியோ கால்ல இதை அமுக்கு அதை அமுக்குன்னாங்க, ஒண்ணும் ஆகல. மாமா ரிசப்ஷன்ல நின்னு ஒவ்வொருத்தருக்கா ஏசி காசை திருப்பிக் குடுத்தாரு, குடுத்துட்டு என்னை பார்த்து "மாப்ள, நல்லா பண்ண"ன்னு ஒரே வார்த்தை. ஸ்பேர் பம்ப் ஒண்ணு கூடவே மாட்டியிருந்தா இந்த கூத்தே இல்ல, டிசைன்ல அதை விட்டதுக்கு மன்னிப்பே கிடையாது.

ரெண்டாவது, குளிர் தண்ணி பைப்புக்கு மேல சுத்துற இன்சுலேஷன். நம்ம ஊர் ஈரக் காத்துக்கு ஒரு ஜாயின்ட் திறந்திருந்தாலும் வேர்த்து கொட்டும். முதல் மாடி வராண்டா ஃபால்ஸ் சீலிங்ல மூணு எடத்துல மஞ்சக் கறை, காரணம் இதுதான், எல்லாத்தையும் பிரிச்சு திரும்ப ஒட்ட வெச்சேன். ஆனா மெஷின் ரூம் தரையை மூணடி ஒசத்தி கட்டினதுக்கு அவங்களுக்கு ஒரு சபாஷ், 2023 டிசம்பர் மிக்ஜாம் புயல்ல எங்க தெருவுல தண்ணி எங்க நின்னுச்சுன்னு சுவத்துல இருந்த கறையை பார்த்துட்டு அவங்களாவே சொன்னாங்க.

யாரு போடலாம்? ரெண்டு பெட்ரூம் வீட்டுக்கு வேணவே வேணாம், வியாசர்பாடிலயோ கொருக்குப்பேட்டைலயோ அரை கிரவுண்டுல வீடு கட்டினவங்களுக்கு போர் போட எடமும் இல்ல, போருக்கு போருக்கு பதினஞ்சு இருபது அடி இடைவெளி வேணும். வீட்டுக்கு சுடுதண்ணிதான் பிரச்சனைன்னா காத்துல இருந்து சூடு எடுக்கிற சாதா ஹீட் பம்ப் வாட்டர் ஹீட்டரே போதும், நம்ம ஊர் காத்து எப்பவும் சூடா இருக்கிறதால அது இங்க அருமையா ஓடும், போர் செலவே கிடையாது. லேடீஸ் ஹாஸ்டல், நர்சிங் ஹோம், லாட்ஜ், கடலுக்கு ஒரு கிலோமீட்டர்குள்ள இருந்து பார்க்கிங் எடமும் இருந்தா யோசிக்கலாம். புதுசா கட்டடம் கட்டுறவங்கன்னா அஸ்திவாரம் போடுறதுக்கு முன்னாடியே போர் போட்டுடுங்க, சேறு தொல்லை பாதி மிச்சம். போர்னாலே மெட்ரோ வாட்டர்ல ஒரு வார்த்தை கேட்டுக்கோங்க, சென்னைக்கு நிலத்தடி தண்ணி சட்டம் 1987ல இருந்தே இருக்கு, நாங்க தண்ணி எடுக்கல சார்னு அப்புறம் போய் விளக்கிட்டு நிக்க வேணாம்.

பேசும்போதே ரெண்டு விஷயத்தை எழுதி வாங்கிடுங்க. ஒண்ணு, போரை மூடுறதுக்கு முன்னாடி ஒவ்வொரு பைப்பையும் பிரஷர் ஏத்தி டெஸ்ட் பண்ணி கேஜோட போட்டோ தரணும், மூடினப்புறம் உள்ள லீக்குன்னா அந்த போர் அவ்வளவுதான். ரெண்டு, கடைசி தவணைப் பணம் ஒரு மே மாசம் தாண்டினப்புறம்தான். மாமா அதுல பிடிவாதமா நின்னாரு, அந்த பணம் எங்க கையில இருந்ததாலதான் பௌர்ணமி கூத்துக்கு அப்புறம் ரெண்டாவது பம்ப்பை காசு கேக்காம வந்து மாட்டிட்டு போனாங்க.